எந்தப் படிப்பு, எவ்வளவு கடன்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் வங்கிக் கிளைகளில் கல்விக் கடன் பற்றிய விசாரணைகள் பெருகுகின்றன. கடன் எவ்வளவு கிடைக்கும், வட்டி எவ்வளவு, ஈடு தேவையா என்பனவே பெரும்பாலும் கேட்கப்படும் கேள்விகள். பிள்ளை எந்தப் படிப்பில் சேரப் போகிறார், அப்படிப்பு எப்போது வருமானம் தரத் தொடங்கும் என்ற கேள்வி அதற்கு முன்பே முடிவாகிவிட்டதாகக் குடும்பங்கள் கருதுகின்றன. உண்மையில் இவை இரண்டு கேள்விகள் அல்ல, ஒன்றே. இதைத் தில்லியின் ஒரு பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தலைநகரின் தென்பகுதியில், ஐ.என்.ஏ. சந்தைக்கும் சரோஜினி நகருக்கும் இடையே உள்ளது லக்ஷ்மிபாய் நகர். மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த இப்பகுதியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று இயங்கி வருகிறது. பணி நிமித்தமாகத் தலைநகருக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1923-இல் தொடங்கப்பட்டது இக்கழகம். மந்திர் மார்க், லோதி எஸ்டேட், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், பூசா சாலை, ஜனக்புரி ஆகியவை அதன் பிற பள்ளிகள் அமைந்த இடங்கள். தாய்மொழியை ஒரு பாடமாகக் கற்று வெளிவரும் இம்மாணவர்கள், அதன்பின் நாட்டின் எப்பகுதி மாணவரோடும் போட்டியிட்டுக் கல்லூரி இடம் பெற வேண்டியவர்கள்.

இத்தகைய குடும்பம் ஒன்றின் காலக் கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். பிள்ளை 18 வயதில் கல்லூரியில் சேரும்போது தந்தைக்கு 55 வயது என்று கொள்வோம். நான்கு ஆண்டுப் படிப்பு. அதன்பின் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க ஓராண்டு அவகாசம். கடனின் முதல் தவணை கேட்கப்படும் ஆண்டும், தந்தை ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய ஆண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சம்பளம் ஓய்வூதியமாகச் சுருங்கும். வீட்டு வாடகை புதிதாகச் சேரும். அதே வேளையில் தவணையும் தொடங்கும். பிள்ளைக்கு அதற்குள் வேலை கிடைத்திருந்தால் குடும்பம் தாங்கும். கிடைக்காவிட்டால் ஓய்வுக்காலப் பணத்திலிருந்தே கடன் அடைபட வேண்டியிருக்கும். படிப்பைத் தேர்வதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

ஒரு வளாகத்தில் பிறந்த மூன்று துறைகள்

அறிவியல் உயர்ந்தது, கலைப்பாடம் அதற்கு அடுத்தது, கட்டடத் தொழில் வேறு வழியற்றவருக்கு உரியது என்ற வரிசை நம் வீடுகளில் ஆழப் பதிந்துள்ளது. தில்லியின் கல்வி வரலாறு இவ்வரிசைக்கு ஆதாரம் தரவில்லை.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் காஷ்மீரி கேட் பகுதியில் தில்லி பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. வால்டர் வில்லியம் வுட் அதன் முதல் முதல்வர். பொறியியல், கட்டடக்கலை, ஓவியமும் சிற்பமும், வேதித் தொழில்நுட்பம், நெசவுத் தொழில்நுட்பம், வணிகவியல் ஆகியவை அந்த ஒரே நிறுவனத்தின் துறைகளாக இருந்தன. பின்னர் அவை தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்து வளர்ந்தன. கட்டடக்கலைத் துறை, 1955-இல் உருவான நகர ஊரமைப்புப் பள்ளியோடு இணைந்து, 1959-இல் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி என்ற பெயர் பெற்றது. 1942-இல் தொடங்கிய ஓவியத் துறை இன்று திலக் மார்க்கில் உள்ள கலைக் கல்லூரி. வேதித் தொழில்நுட்பமும் நெசவுத் தொழில்நுட்பமும் ஹௌஸ் காஸில் அமைந்த ஐ.ஐ.டி.க்குச் சென்றன. எஞ்சிய பொறியியல் பிரிவு தில்லி பொறியியல் கல்லூரியாகி, இன்று பவானா சாலையில் தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் சென்னைக் கோட்டையில் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் தொழிலைக் கற்பித்த பள்ளியே நாட்டின் மூத்த பொறியியல் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. ஆகவே தொழிலுக்கும் கல்லூரிக்கும் இடையே உள்ளதாக நாம் எண்ணும் சுவர் பிற்காலத்தில் எழுப்பப்பட்டது. மூன்று துறைகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதே முறை. அந்த அளவுகோலை மூன்று கேள்விகளாக அமைத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: இப்படிப்பை அங்கீகரிப்பவர் யார்? பட்டம் எனில் பல்கலைக்கழக மானியக் குழு. பொறியியல் பட்டயம், பட்டம் எனில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. கட்டடக்கலை எனில் கட்டடக்கலைக் குழுமம். தொழிற்பயிற்சி எனில் தேசியத் தொழிற்சான்றிதழ். பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதில் தில்லி முகவரி கொண்ட பெயர்கள் பல இடம்பெற்று வந்துள்ளன. அங்கீகாரம் இல்லாத இடத்தில் செலுத்திய கட்டணம் திரும்புவது அரிது. செலவான ஆண்டு திரும்பவே திரும்பாது.

இரண்டாம் கேள்வி: அடுத்த படி எது? ஒரு படிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறதா, மேலே ஏறும் வழி திறந்திருக்கிறதா?

மூன்றாம் கேள்வி: முதல் வருமானம் எந்த ஆண்டில் வரும், அதுவரை மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணம் மட்டுமன்று, விடுதி, பயணம், புத்தகம், கருவி, தேர்வுக் கட்டணம் அனைத்தும் இதில் சேரும்.

அறிவியல்

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து எளிதில் சென்றுவரக் கூடிய தொலைவில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல உள்ளன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1961-இல் நிறுவிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியும், ஆத்மா ராம் சனாதன தர்மக் கல்லூரியும் தௌலா குவான் பகுதியில் உள்ளன. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சார்ந்த பட்டப் படிப்புகளை இக்கல்லூரிகள் நடத்துகின்றன.

சேர்க்கை 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வின் வழியே நடைபெறுகிறது. தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் இத்தேர்வு நடத்தப்படுகிறது என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே நுழைவுத் தேர்விலும் எழுத வேண்டும் என்பது தில்லிப் பல்கலைக்கழகத்தின் விதி. ஆகவே கல்லூரிப் படிப்பின் தேர்வு உண்மையில் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

2022-23 கல்வியாண்டு முதல் இப்பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுக் கட்டமைப்பைக் கொண்டது. ஓராண்டு முடித்து வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஆய்வோடு கூடிய பட்டம் என வகுக்கப்பட்டுள்ளது. குடும்பத்தில் இடர் நேர்ந்து படிப்பை இடையில் நிறுத்த வேண்டிவந்தால், கழித்த ஆண்டுகள் வீணாகாமல் இருக்க இது உதவும்.

தூய அறிவியலைத் தேர்பவர் இரண்டாம் கேள்வியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இயற்பியலிலோ வேதியியலிலோ இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு உரிய நல்ல வேலை பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்துக்குப் பின்னரே வருகிறது. ஐ.ஐ.டி.களில் முதுநிலை அறிவியல் சேர்வதற்கென்றே தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஆகவே மூன்றாண்டுக் கணக்கோடு கடன் வாங்கித் தொடங்குவது போதாது. ஐந்தாண்டு, ஆறாண்டுக் கணக்கு வேண்டும். இளநிலையில் அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணத்தைச் சேமிப்பிலிருந்தே செலுத்திவிட்டு, கடன் பெறும் தகுதியை முதுநிலைக்கு வைத்துக்கொள்வது பல குடும்பங்களுக்கு ஏற்ற வழி.

கலை

கலைப்பாடம் என்றதும் வரலாறு, அரசியல், மொழி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. லக்ஷ்மிபாய் நகருக்கு அருகே நேதாஜி நகரில் உள்ள தில்லி கலை மற்றும் வணிகவியல் கல்லூரி, லோதி சாலையிலுள்ள தயால் சிங் கல்லூரி முதலியவை இப்பாடங்களைக் கற்பிக்கின்றன. பொருளியல் சிறப்புப் பட்டமும் கலைப்பிரிவைச் சேர்ந்ததே. ஆயினும் அதற்குக் கணிதத் தகுதி கேட்கப்படுகிறது. கலைப்பாடம் எடுக்கப் போகிறோம் என்று கருதிப் பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்டவர் இந்த வாயிலை இழந்துவிடுகிறார்.

ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, பயன்முறைக் கலை ஆகியவற்றில் நான்காண்டு நுண்கலைப் பட்டம் பெறத் தில்லிக் கலைக் கல்லூரி உள்ளது. விளம்பரம், புத்தக வடிவமைப்பு, அசைவூட்டம் முதலிய தொழில்களுக்குப் பயன்முறைக் கலை நேரடியாக இட்டுச் செல்கிறது. இப்படிப்பில் கட்டணத்தைவிடக் கருவிகளுக்கும் பொருள்களுக்கும் ஆகும் செலவு குடும்பத்தை எதிர்பாராமல் தாக்கக் கூடும். கடன் விண்ணப்பத்தில் இச்செலவையும் கல்லூரியின் மதிப்பீட்டோடு சேர்த்துக் காட்டலாம். படிப்புக்குத் தேவையான கருவிகளும் கணினியும் கல்விக் கடனில் அடங்கும் செலவுகளே.

கலைப்பாடம் படிப்பவருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 1962-இல் தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்விப் பிரிவு இன்று திறந்தநிலைக் கற்றல் பள்ளியாக இயங்குகிறது. மைதான் கடியில் 1985 முதல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உள்ளது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற இவை வழி செய்கின்றன. தந்தையின் ஓய்வு நெருங்கிய குடும்பத்தில், கடனே இல்லாமல் பட்டம் பெறும் இவ்வழியைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

கட்டடத் தொழில்

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புப் பகுதிகளை மறுகட்டமைக்க மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பே கிழக்குக் கித்வாய் நகரில் பழைய குடியிருப்புகள் நீங்கி அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. லக்ஷ்மிபாய் நகர் மாணவர் ஒருவர் பள்ளிக்குச் செல்லும் வழியெங்கும் கட்டுமானத்தைக் கண்டே வளர்ந்திருப்பார். ஆயினும் அக்கட்டுமானம் தரும் தொழில்களைப் பற்றி வீட்டில் பேச்சு எழுவது குறைவு.

இத்துறையில் மூன்று படிக்கட்டுகள் உள்ளன.

முதல் படி, ஐ.டி.ஐ. என வழங்கும் தொழிற்பயிற்சி நிலையம். பூசாவிலும் தில்லியின் பிற பகுதிகளிலும் அரசு நிலையங்கள் உள்ளன. கொத்து வேலை, பிளம்பர், தச்சு ஆகியவை ஓராண்டுப் பயிற்சிகள். எலக்ட்ரீஷியன், சிவில் வரைவாளர், நில அளவையாளர் ஆகியவை ஈராண்டுப் பயிற்சிகள். வரைவாளர், நில அளவையாளர் பயிற்சிகளுக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் தேவை. பயிற்சி முடித்தவர் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் நிறுவனங்களில் பழகுநராகச் சேரலாம்.

இரண்டாம் படி, பாலிடெக்னிக் பட்டயம். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டுகள். ஓக்லா, பூசா ஆகிய இடங்களில் இருந்த அரசு பாலிடெக்னிக்குகள் தற்போது தில்லித் திறன் மற்றும் தொழில்முனைவோர் பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக உள்ளன.

மூன்றாம் படி, பட்டம். சிவில் பொறியியல் நான்கு ஆண்டுகள். கட்டடக்கலை ஐந்து ஆண்டுகள். திட்டமிடல் நான்கு ஆண்டுகள். கட்டடக்கலைக்கும் திட்டமிடலுக்கும் இந்திரப்பிரஸ்த எஸ்டேட்டில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். தில்லி பாலிடெக்னிக் முதலில் இருந்த காஷ்மீரி கேட் வளாகத்தில் இன்று இயங்கும் மகளிர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கட்டடக்கலைப் பட்டம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, குழுமத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று குறிப்பிட்டுக்கொள்ள முடியும். ஆகவே இப்படிப்பில் முதல் கேள்வியான அங்கீகாரத்துக்குச் சட்டத்தின் வலிமையே உள்ளது. குழுமத்தின் பட்டியலில் இல்லாத கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் படித்தாலும் அப்பெயரைப் பயன்படுத்த உரிமை பிறக்காது.

இம்மூன்று படிகளுக்கும் இடையே ஏணி உண்டு என்பதே பலர் அறியாத செய்தி. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விதியில் இடமுண்டு. பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒவ்வொரு படியிலும் நின்று வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அடுத்த படிக்கு ஏறலாம். கடனை ஒரே மூச்சில் சுமக்காமல் பகுதி பகுதியாகச் சுமக்கும் வசதி இவ்வழியில் உள்ளது. முதல் வருமானம் 18, 19 வயதிலேயே வரக்கூடிய வழியும் இதுவே.

இடையில் நின்றுவிடும் ஆபத்தும் இதில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையில் சம்பளம் வந்த பிறகு மீண்டும் வகுப்பறைக்குத் திரும்புவதற்கு மன உறுதி வேண்டும். குடும்பம் இதை முன்னரே பேசி, எந்த ஆண்டில் அடுத்த படி என்று குறித்துவைப்பது நல்லது.

மூன்றும் சந்திக்கும் இடம்

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஹுமாயூன் கல்லறை, 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் இணைந்து மேற்கொண்ட அதன் சீரமைப்புப் பணி 2013-இல் நிறைவெய்தியது. இருபதாம் நூற்றாண்டில் பூசப்பட்ட சிமெண்டை நீக்கி, பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரையைப் பூசினார்கள். கல்தச்சர், காரைக் கொத்தர், மரத்தச்சர், ஓடு செய்வோர் எனப் பல தொழிலாளர் அங்கே உழைத்தனர்; அருகிலுள்ள நிஜாமுதீன் பகுதி இளைஞர்கள் ஓடு செய்யும் தொழிலில் பயிற்சி பெற்றனர். பழைய காரையின் சேர்மானத்தை ஆராய வேதியியல் வேண்டும். முன்பு கட்டடம் எவ்வாறு இருந்தது என்று கூற வரலாறு வேண்டும். அதை மீண்டும் உருவாக்கக் கொத்தரின் கை வேண்டும். ஒன்று குறைந்தாலும் பணி நிறைவேறாது.

நம்மவருக்கு இன்னும் அணுக்கமான சான்று, ராமகிருஷ்ணபுரத்தில் 1973-இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயில். தலைநகர்த் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் ஏறியிருக்கும் அக்குன்றின்மீது, கருங்கல்லில் தமிழகக் கோயில் மரபை எழுப்பியது சிற்பியரின் கல்வி. அக்கல்வியைக் கற்பிக்கவே மாமல்லபுரத்தில் 1957-இல் ஓர் அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது. மரபுக் கட்டடக்கலையிலும் சிற்பத்திலும் அங்கே இன்று பட்டம் பெறலாம். கோயிலில் கைகூப்பும் நாம், அதைக் கட்டும் தொழிலைப் பிள்ளைக்குச் சொல்லத் தயங்குவது பொருத்தமன்று.

கடனின் விதிகள்

இனி வங்கியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை 2001 முதல் வங்கிகள் பின்பற்றி வருகின்றன. அதன் முக்கியக் கூறுகள் வருமாறு.

4 லட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு ஈட்டுச் சொத்து கேட்கப்படுவதில்லை. குடும்பம் தன் பங்காகப் பணம் போட வேண்டியதும் இல்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுகின்றனர். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்கப்படுவதில்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். மாணவர் மேற்படிப்புக்குச் செல்வாராயின் இந்த அவகாசத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். தூய அறிவியல் படிப்பவர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டத்தின்படி, தரவரிசையில் தேர்வான உயர்கல்வி நிறுவனங்களில் தகுதியின் அடிப்படையில் இடம் பெற்றவர் ஈட்டுச் சொத்தும் பிணையாளரும் இன்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு, அவகாசக் காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்டு, தொழில்நுட்பப் படிப்போ தொழிற்கல்விப் படிப்போ பயில்வோருக்கு அவகாசக் காலத்து வட்டி முழுவதற்கும் மானியம் தரும் திட்டமும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் பெறும் இடத்துக்கு இச்சலுகைகள் பொருந்தா. கல்லூரியைத் தேர்வதும் இடம் பெறும் முறையும் வட்டியின் அளவையே மாற்றுவதை இங்கே காண்கிறோம்.

ஐ.டி.ஐ. போன்ற திறன் பயிற்சிகளுக்குத் தனித் திறன் கடன் திட்டம் உள்ளது. அதன் உச்ச வரம்பு முன்னர் 1.5 லட்சமாக இருந்தது. 2024 ஜூலையில் 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தின் பழைய வரிமுறையில் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. பெண் மாணவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் சிறு சலுகை அளிக்கின்றன.

ஒரு கணக்கு

4 லட்சம் ரூபாய் கடன், நான்காண்டுப் படிப்பு, ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் வழங்கப்படுகிறது எனக் கொள்வோம். விளக்கத்துக்காக வட்டி 10 விழுக்காடு. அவகாசக் காலத்தில் தனிவட்டி.

முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000 ரூபாய். இரண்டாவதற்கு 40,000. மூன்றாவதற்கு 30,000. நான்காவதற்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அசலோடு கூட்டினால் 5,40,000. இதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய்.

மாறாக, படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதந்தோறும் செலுத்திவந்தால்? முதல் ஆண்டில் மாதம் சுமார் 833 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 1,667, மூன்றாம் ஆண்டில் 2,500, அதன்பின் 3,333. ஐந்தாண்டு முடிவில் அசல் மட்டுமே நிற்கும். அதற்கு மாதத் தவணை சுமார் 5,286 ரூபாய். மாதம் 1,850 ரூபாய் குறைகிறது. பத்தாண்டுகளில் இக்குறைவு ஏறக்குறைய 2,22,000; முன்னரே செலுத்திய வட்டி 1,40,000 போக, நிகர மிச்சம் சுமார் 82,000 ரூபாய்.

55 வயதுத் தந்தைக்கு இக்கணக்கின் பொருள் தெளிவானது. சம்பளம் வரும் ஐந்தாண்டுகளில் வட்டியைத் தாம் செலுத்தி, ஓய்வுக்குப் பின் அசலைப் பிள்ளையின் பொறுப்பில் விடலாம். செலுத்தும் பணமும் குறைகிறது, ஓய்வூதியமும் காக்கப்படுகிறது.

இதே கணக்கை மூன்று வழிகளுக்கும் குடும்பத்தோடு அமர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் மூன்று பத்திகள். ஒவ்வொன்றிலும் படிப்பின் ஆண்டுகள், மொத்தச் செலவு, சேமிப்பிலிருந்து தரக்கூடியது, கடன், முதல் வருமானம் எதிர்பார்க்கும் ஆண்டு, அந்த ஆண்டில் பெற்றோரின் வயது. பிள்ளையே இதை எழுத வேண்டும். கடன் அவர் பெயரில் வருவது என்பதால் மட்டுமன்று, தம் விருப்பத்தின் விலையை அவர் தம் கையால் எழுதிப் பார்ப்பது அவசியம் என்பதாலும்.

அதன்பின் கிளைக்கு வரும்போது சேர்க்கைக் கடிதம், கல்லூரி தந்த கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல்கள், குடும்ப வருமானச் சான்று, மாணவர், பெற்றோர் இருவரின் ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டைகள் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். நிறுவனத்தின் அங்கீகாரத்தை உரிய குழுவின் பட்டியலில் சரிபார்த்த பின்னரே சேர்க்கைக் கட்டணம் செலுத்த வேண்டும். கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் முன்பணம் கட்டிவிட்டுப் பின்னர் விசாரிப்பது கூடாது.

பிள்ளைக்கு இயற்பியலில் உண்மையான ஆர்வம் இருப்பின் ஆறாண்டுக்குத் திட்டமிட்டு அனுப்புவோம். தூரிகையில் ஆர்வம் இருப்பின் அதன் செலவைக் கணக்கிட்டு அனுப்புவோம். அளவுநாடாவிலும் மட்டப்பலகையிலும் ஆர்வம் இருப்பின், அதை மனக்குறையாகக் கொள்ளாமல், ஏணியின் எல்லாப் படிகளையும் காட்டி அனுப்புவோம். கடன் பத்திரத்தில் இருவர் கையொப்பமிடுகின்றனர். அவ்விருவரும் ஒரே கணக்கைப் பார்த்து, ஒரே மனத்தோடு ஒப்பமிடுவதே நல்ல கல்விக் கடனின் முதல் இலக்கணம்.